ஏழாவது துணி

1

இந்தக் கதை நானாக யோசித்தது அல்ல, ஒட்டுக்கேட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் வெட்கக்கேடு.

கேட்ட இடம் ஒரு கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம். காலை பதினோரு மணி இருக்கும். இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, மேலே பஞ்சு வைத்து, அரை மணி நேரம் கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டார். கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? என் வலப்பக்கத்து நாற்காலிகளில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே இந்தக் கதையில் யாருக்கும் முகம் கிடையாது. உயரமா குள்ளமா, நரைத்த தலையா சாயம் பூசியதா, ஒன்றும் தெரியாது. (மற்றவர்கள் கதைகளில் முகத்தை வர்ணிக்கும் அந்த நாலு வரியை நான் எப்போதும் தாண்டித்தான் படிப்பேன். அதனால் எனக்கு இது பெரிய குறையாகத் தோன்றவில்லை.)

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோது முதலில் வந்த வரி இது:

"நீல வானத்தைக் கிழித்துக்கொண்டு, நெருப்பு வாலை இழுத்தபடி அந்த ராக்கெட் மேலே ஏறியபோது"

நிறுத்திவிட்டேன். நான் ராக்கெட்டை நேரில் பார்த்தவள் இல்லை. அன்று வானம் நீலமாக இருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. அடுத்த முயற்சி:

"விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் தங்குவதற்காக மூன்று பேர் அன்று காலை"

இது செய்தித்தாள். ஏற்கெனவே வந்துவிட்டது. மூன்றாவதாக, காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதினேன்:

"பையில ஆறுதான் இருந்துச்சுக்கா."

இது சரியாக இருக்கிறது. இங்கேயே தொடங்குகிறேன்.

2

சொன்னவள் தங்கை. கேட்டுக்கொண்டிருந்தவள் அக்கா. தங்கையை நான் கதவுக்காரி என்று கூப்பிடப் போகிறேன். பெயர் தெரியாததால் மட்டுமல்ல, அவள் வேலையே அதுதான்.

ராக்கெட்டின் உச்சியில் ஒரு கலம் இருக்கிறது. விண்வெளிக்குப் போகிறவர்கள் அதற்குள்தான் மல்லாந்து படுத்தவாக்கில் உட்கார வேண்டும். அவர்களை உள்ளே உட்கார வைத்து, பட்டை போட்டு இறுக்கிக் கட்டி, காற்றுக் குழாய்களை மாட்டிவிட்டு வெளியே வருகிற குழுவில் ஐந்து பேர். கடைசியாகக் கதவை மூடுகிறவள் இவள். மூடுவதற்கு முன் கதவைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையத்தைத் துணியால் துடைக்க வேண்டும். ஒரு நூல், ஒரு தலைமுடி ஒட்டியிருக்கக் கூடாது. இதற்கும் மற்றத் துடைப்பு வேலைகளுக்குமாக ஏழு துணிகள் எடுத்துப் போவார்கள். ஒவ்வொன்றிலும் எண் தைத்திருக்கும். ஏழு உள்ளே போனால் ஏழு வெளியே வந்தாக வேண்டும். ஒருவர் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே எண்ணைச் சொல்ல, இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே தாளில் குறிப்பார். கடைசியில் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். அதன் பிறகே கதவு.

இவ்வளவையும் கதவுக்காரி நிதானமாகத்தான் சொன்னாள். நடு நடுவே அக்கா புகுந்தாள். அக்காவுக்குக் கூடத்தில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி குரல்.

"நீ பள்ளிக்கூடத்துலயே வாரத்துக்கு ஒரு கைக்குட்டை தொலைச்சவ."

"கைக்குட்டை வேற, இது வேறக்கா."

"துணிதானே. சரி, எத்தனைன்னு கையெழுத்துப் போட்ட?"

"ஏழுன்னு."

"இருந்தது?"

"ஆறு."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த அக்கா பேசாமல் இருந்தது அந்த அரை மணி நேரத்தில் அந்த ஒரு தடவைதான்.

நடந்தது இவ்வளவு. கதவை மூடிக் காற்றுக் கசிகிறதா என்று சோதித்தார்கள், கசியவில்லை. ஐந்து பேரும் லிஃப்டில் இறங்கி, வண்டியில் ஏறி, நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற உடை மாற்றும் அறைக்கு வந்தார்கள். பையைக் கட்டி முத்திரை வைப்பதற்கு முன் இன்னொரு முறை எண்ணுவது அவர்கள் வழக்கம். வெறும் சம்பிரதாயம். இத்தனை வருஷத்தில் அந்த இரண்டாவது எண்ணிக்கையில் யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை. எண்ணினாள். ஆறு. பையைத் தலைகீழாக உதறினாள். ஆறு. ஏழாம் எண்ணைக் காணோம். ராக்கெட் கிளம்ப முப்பத்தெட்டு நிமிஷம் பாக்கி.

அக்கா கேட்ட கேள்விகளைத்தான் நானும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். போய் எடுத்து வர வேண்டியதுதானே? முடியாது. எரிபொருள் ஏற்ற ஆரம்பித்தாயிற்று, இனி யாரும் பக்கத்தில் போகக் கூடாது. சரி, ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பினால் என்ன குடி முழுகிவிடும்?

"மேல அந்த நிலையம் நின்னுகிட்டு இருக்காதுக்கா. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை உலகத்தையே சுத்திக்கிட்டு இருக்கு. அது வர்ற கணக்கைப் பார்த்துத்தான் இங்கேருந்து கிளம்பணும். ஒரு நிமிஷம் தவறினா அன்னிக்குக் கிடையாது."

"ஓடுற பஸ்ல ஏறுற மாதிரின்னு சொல்லு."

"கிட்டத்தட்ட."

துணி எங்கே இருக்கும் என்பதுதான் பயம். ரப்பர் வளையத்தின் ஓரத்தில் அதன் ஒரு நூல் மாட்டியிருந்தால், தரையில் தாங்குகிற கதவு மேலே போய்க் கசியலாம். கலத்துக்குள்ளே கிடந்தால், எடையற்றுப் போனதும் மிதந்து போய்க் காற்று விசிறியின் வாயை அடைக்கலாம். இல்லை, லிஃப்டில் எங்காவது விழுந்து கிடந்தால் ஒன்றுமே இல்லை. அப்படி ஒன்றுமே இல்லாததற்காக இவள் வாயைத் திறந்து, மூன்று பேரையும் அவிழ்த்துக் கீழே இறக்கி, எரிபொருளைத் திரும்ப எடுத்து, நூற்றுக்கணக்கானவர்களின் பல மாத வேலையை நிறுத்திப் போட்டால்? அதற்கப்புறம் இவளை யார் கதவுப் பக்கம் விடுவார்கள்?

"அந்த ரூம்ல சுவத்துல ஒரு போன் இருக்குக்கா. எடுத்தா நேரா கட்டுப்பாட்டு அறை. யார் வேணும்னாலும் எடுக்கலாம்னு எழுதியே ஒட்டியிருக்கும். நான் எழுந்து"

"நாற்பத்தி ரெண்டு! டோக்கன் நாற்பத்தி ரெண்டு யாரு?"

நான்தான் நாற்பத்தி இரண்டு.

3

என்னை எழுப்பிக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு இயந்திரத்தின் மேல் மோவாயை வைக்கச் சொன்னார் டாக்டர். ஆடாதீங்க என்றார். ஆடவில்லை. மனசுக்குள் "நான் எழுந்து, நான் எழுந்து" என்று ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது அந்த நாற்காலிகளில் இருமுகிற ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு நல்ல செய்தி சொல்லிவிடுகிறேன். மூன்று பேரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் மருத்துவமனைக்குப் போனதற்குப் பத்து நாள் முன்பே சேர்ந்தாயிற்று. படம் பேப்பரில் வந்தது, நானே பார்த்தேன். வட்டமான ஒரு வாசல், அதற்குள்ளே பல தலைகள், போன மூன்று பேரில் ஒரு பெண், அவளுக்கு மட்டும் முடி நட்டுக்கொண்டு நிற்கிறது. ஏற்கெனவே மேலே இருந்தவர்கள் அவளைத் தலைகீழாகக் கட்டிப் பிடித்திருக்கிறார்கள். யார் தலைகீழ் என்பது படத்தைப் பிடித்திருக்கிற விதத்தைப் பொறுத்தது.

அதனால் இந்தக் கதையில் யாரும் சாகப் போவதில்லை. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து படிக்கலாம். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அவள் போனை எடுத்தாளா?

4

(எடுக்கவில்லை என்று வைத்து எழுதியது.)

"அவள் எழுந்தாள். போன் வரை நடந்தாள். கையை உயர்த்தினாள். பிறகு, தண்ணீர் குடிக்க வந்தவள் போல, பக்கத்திலிருந்த குழாயைத் திறந்தாள்."

இப்படி ஆரம்பித்து நாலு பக்கம் எழுதினேன். ராக்கெட் கிளம்புகிறது. மற்ற நாலு பேரும் கை தட்டுகிறார்கள், இவளும் தட்டுகிறாள். வீட்டுக்குப் போகிறாள். தட்டில் போட்டதைச் சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருக்கிறாள். இருபது மணி நேரம் கழித்துக் கலம் நிலையத்தோடு போய் இணைகிறது. இணைந்த பிறகும் உடனே கதவைத் திறக்க மாட்டார்கள், இரண்டு பக்கமும் காற்றுச் சரியாக இருக்கிறதா என்று இரண்டு மணி நேரம் பார்ப்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை நான் நன்றாகவே எழுதியிருந்தேன். கதவு திறக்கிறது. இவள் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு

கிழித்துவிட்டேன்.

ஏனென்றால் அந்தப் பெண் அப்படிப் பேசவில்லை. இப்படி ஒன்றை மறைத்துவிட்டு வந்தவள், காலை பதினோரு மணிக்கு, ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிற கூடத்தில், அந்த அக்காவிடமா சொல்வாள்? அக்காவின் குரலைக் கேட்டிருந்தால் நீங்களும் இதையே கேட்பீர்கள். அதோடு கைக்குட்டைப் பேச்சு வந்தபோது அவள் சிரித்தாள். அது நன்றாகத் தூங்கி எழுந்தவள் சிரிப்பு.

ஆனால் கிழித்த பிறகு வேறொரு சந்தேகம் வந்தது. துணியை எண்ணாமல் ஏழு என்று கையெழுத்துப் போட்டவள்தானே இவள்? ஒரு நூலுக்கும் தலைமுடிக்கும் பயப்படுகிறவள், முழுசாக ஒரு துணியை எப்படித் தவறவிட்டாள்? அசட்டையா? அவசரமா? கையில் இல்லாத ஒன்றை எதைப் பார்த்து ஏழு என்று சொன்னாள்?*

* இந்தக் கேள்விக்கு நான் மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவளுக்குத் தலைவலி. இன்னொன்றில் வீட்டில் சண்டை. மூன்றாவதில் கூட்டாளி அவளைக் கவிழ்க்கப் பார்க்கிறான். மூன்றுமே டிவியில் வருகிற மாதிரி இருந்ததால் இங்கே சேர்க்கவில்லை.

5

(எடுத்தாள் என்று வைத்து எழுதியது.)

"ராக்கெட்டை நிறுத்துங்கள்!"

ஒரு வரியோடு சரி. இந்த மாதிரி யாரும் பேச மாட்டார்கள்.

கட்டுப்பாட்டு அறையை எழுதப் பார்த்தேன். நிறைய திரைகள், நிறைய ஆண்கள், சில பெண்கள், காதில் மாட்டிய கருவிகள். எல்லோரும் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற மாதிரியே பேசினார்கள். "அபாயம் குறித்த தங்கள் மதிப்பீடு என்ன?" என்று ஒருத்தர் கேட்டார். அவரை அப்படியே எழுந்து வெளியே போகச் சொல்லிவிட்டேன்.

(அறையில் அவர் வைத்துவிட்டுப் போன காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அதையும் அடித்துவிட்டேன்.)

6

இரண்டு நாள் எழுதவில்லை. மூன்றாம் நாள் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருந்தபோது, கூடத்தில் கேட்ட இன்னொரு பேச்சு நினைவுக்கு வந்தது. அது துணி விவகாரம் தொடங்குவதற்கு முன்னால் நடந்தது. அக்கா நர்ஸிடம் சொன்னாள், பார்க்க வேண்டியது தனக்கு இல்லை, தங்கைக்கு என்று. கண்ணில் என்ன தொந்தரவு என்று நர்ஸ் கேட்டார். தங்கை சொன்ன பதில்:

"தொந்தரவெல்லாம் ஒண்ணுமில்ல. ஆபீஸ்ல பார்த்துட்டு வரச் சொன்னாங்க."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எண்ணிக்கை தப்பானால் ஆபீஸில் முதலில் என்ன செய்வார்கள்? கண்ணைச் சோதிக்க அனுப்புவார்கள். அப்படியானால் ஆபீஸுக்குத் தெரியும். அப்படியானால் அவள் சொல்லியிருக்கிறாள்.

பெரிய துப்பறிவாளி போல ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் அது கொஞ்சம் வடிந்தது. மேலே போனவர்களே துணியைக் கண்டுபிடித்து ஆபீஸுக்குச் சொல்லியிருக்கலாமே? அப்போதும் கண் சோதனைக்கு அனுப்புவார்கள். போனை எடுத்தவளையும் எடுக்காதவளையும் ஒரே டாக்டரிடம்தான் அனுப்புவார்கள்.

இதற்கு மேல் என் மூளையில் ஒன்றுமில்லை. பதினைந்து நாள் கழித்து மறுபடி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். காத்திருந்தேன்.

7

இந்தப் பகுதியில் கற்பனை கிடையாது. (மற்ற பகுதிகளில் எவ்வளவு என்று நான் சொல்லப் போவதில்லை.)

இந்த முறை கண்ணில் பஞ்சு இல்லை. பார்க்க முடிந்தது, ஆனால் யாரைப் பார்ப்பது? எனக்குத் தெரிந்தது இரண்டு குரல்கள். ஒவ்வொரு நாற்காலி வரிசையாகக் காதைக் கொடுத்துக்கொண்டு போனேன். அவர்களும் அதே நாளில் வர வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஒரு கட்டாயமும் இல்லை. திரும்பிப் போகலாம் என்று வாசல் வரை வந்தபோது, கண்ணாடி விற்கிற பக்கத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"கண்ணு நல்லா இருக்குன்னு டாக்டரே எழுதிட்டாரு. எழுதின காகிதத்தை வாங்க இவ்வளவு நேரமாங்க?"

போய் எதிரே நின்றேன். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை. அன்றைக்கு அவர்கள் பக்கத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான், பேசியதைக் கேட்டுவிட்டேன் என்றேன். அக்கா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஒட்டுக்கேட்டீங்களா?"

"ஆமாம்."

"முழுசாவா?"

"பாதி. அதுதான் பிரச்சினை."

கதவுக்காரி சிரித்தாள். அதே சிரிப்பு. முகம் இருந்தது, ஆனாலும் எழுதப் போவதில்லை. இத்தனை தூரம் முகமில்லாமல் வந்துவிட்டாள்.

"எதுவரைக்கும் கேட்டீங்கம்மா?" என்றாள்.

"நான் எழுந்து, வரைக்கும்."

"அய்யோ பாவம்," என்றாள் அக்கா. "உட்காருங்க."

8

விசாரணை அறிக்கையே வந்துவிட்டது, இனி ரகசியம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் கதவுக்காரி தொடங்கினாள்.

அவள் எழுந்தாள், போனை எடுத்தாள். அவ்வளவுதான். அதற்கு முன்னால் யோசிக்கவில்லையா என்று கேட்டேன். யோசித்தாளாம். ஆறு துணியையும் மடியில் வைத்துக்கொண்டு நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்தைப் பற்றித்தான் அறிக்கையில் இரண்டு பக்கம் இருக்கிறதாம். பையை உதறியதும் ஏன் எடுக்கவில்லை என்று. அதற்குத்தான் அவளுக்கு எழுத்து மூலமாகக் கண்டனம், எண்ணிக்கைத் தவறுக்கு அல்ல.

மறுமுனையில் எடுத்தவர் அன்றைய ஏவுதலுக்குப் பொறுப்பான அதிகாரி. குரலை உயர்த்தவே மாட்டாராம். மூன்று கேள்வி கேட்டார். என்ன தெரியும்? ஏழு போட்டேன், ஆறு இருக்கிறது. என்ன தெரியாது? ஏழாவது எங்கே என்று. மூன்றாவது கேள்வியை மட்டும் அவள் அவர் மாதிரியே சொல்லிக் காட்டினாள்:

"நீங்க என் இடத்துல இருந்தா இப்ப என்ன செய்வீங்க?"

"நான் உள்ள இருக்கறவங்களையே கேட்பேன் சார். போகப் போறவங்க அவங்கதானே."

(நான் எழுதியிருந்தால் இது எனக்குத் தோன்றியிருக்காது. எத்தனை பக்கம் எழுதினேன், உள்ளே மூன்று பேர் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள், அவர்களுக்கு வாய் இருக்கிறது என்பது எனக்கு ஒரு தடவைகூட உறைக்கவில்லை.)

கலத்துக்குள் கேட்டார்கள். ஹெல்மெட்டும் பட்டையும் போட்டுவிட்டால் குனிய முடியாது, திரும்ப முடியாது. ஆனால் அவர்கள் உடுப்பில் மணிக்கட்டுப் பக்கம் சின்னக் கண்ணாடி ஒன்று தைத்திருக்கும், தங்கள் நெஞ்சில் இருக்கிற பட்டன்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள. மூன்று பேரும் அந்தக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பித் தங்களைச் சுற்றிப் பார்த்தார்கள். நடுவில் இருந்தவர் இல்லை என்றார். வலது பக்கம் இருந்தவர் இல்லை என்றார். இடது இருக்கையில் இருந்தவள்தான் படத்தில் முடி நட்டுக்கொண்டு நின்ற பெண். அவள் இன்னும் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"ஒரு நிமிஷம் முழுசா சத்தமே இல்லம்மா," என்றாள் கதவுக்காரி. "போனை வெக்காம பிடிச்சுக்கிட்டே இருந்தேன். அந்த அதிகாரி மூச்சு விடறதுகூடக் கேட்டுச்சு."

பிறகு இடது இருக்கைக்காரி சொன்னது:

"இருக்கு. என் தொடைக்கும் இருக்கைக்கும் நடுவுல செருகியிருக்கு. எண்ணு கண்ணாடில திரும்பித் தெரியுது, ஆனா ஏழுதான்."

கிளம்பப் பதினெட்டு நிமிஷம் இருந்தது. துணி முழுசாக இருக்கிறதா, ஓரம் கிழிந்திருக்கிறதா என்று கேட்டார்கள். இரண்டு விரலால் உருவி எடுத்து, கண்ணாடியில் நாலு ஓரமும் காட்டிப் பார்த்து, முழுசு என்றாள். அப்படியானால் கதவில் நூல் இல்லை. அப்படியானால் விசிறிக்கும் போகாது, ஏனென்றால் அது இப்போது ஒருத்தி கையில் இருக்கிறது. உடுப்புப் பையில் வைக்க முடியுமா என்று கேட்டதற்கு, கட்டியிருக்கிற பட்டைக்குக் கீழே இருக்கிறது பை, திறக்க வராது என்றாள். கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ராக்கெட் மேலே ஏற ஒன்பது நிமிஷம். மேலே போகப் போக உடம்பின் எடை மூன்று மடங்கு, நாலு மடங்காகும். விரல் விரியக் கூடாது.

அதிகாரி தன் அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரும் சரி என்றார்கள். கடைசியில் போனிலும் கேட்டாராம், உடை மாற்றும் அறையில் நிற்கிற இவளையும்.

"கதவு?"

"சரி சார்."

"இவளையும் கேட்டிருக்காரு பாருங்க," என்றாள் அக்கா. சொல்லும்போதே அழுதுவிட்டாள். அன்றைக்கு வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது எதுவுமே தெரியாது. ஏன் இடது இருக்கைக்காரியின் கையையே காட்டுகிறார்கள் என்று எரிச்சல்பட்டாளாம்.

ஒன்பதாவது நிமிஷம் இயந்திரம் நின்றது. கலத்துக்குள் இருந்த கேமராவில் பார்த்தார்கள். இடது இருக்கைக்காரி கையைத் திறந்தாள். துணி விழவில்லை. கசங்கினது கசங்கினபடி உள்ளங்கைக்கு மேலே நின்றது, அப்புறம் மெதுவாகத் தானே விரிந்தது.

உடை மாற்றும் அறையில் ஐந்து பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதவுக்காரி எண்ணுவதைத் திருப்பிச் சொல்கிற கூட்டாளி ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் எதிரொலி. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏழு" என்றார்.

அறையே சிரித்துத் தீர்த்ததாம். கதவுக்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாளாம்.

9

இங்கே முடித்திருக்கலாம். நல்ல இடம். ஆனால் நாலாம் பகுதியில் நான் அவள் மேல் பட்ட சந்தேகம் அப்படியே நிற்கிறது. எழுதுகிறவள் மறந்தாலும் படிக்கிறவர்கள் மறக்க மாட்டார்கள். கேட்டேன். துணியைப் பார்க்காமல் எப்படி ஏழு என்று சொன்னீர்கள்?

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா, "சொல்லேன், அறிக்கையிலதான் எழுதிட்டாங்களே," என்றாள்.

ஒன்றரை வருஷமாக அவர்கள் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். நாற்பத்தோரு ஒத்திகை. ஒவ்வொன்றிலும் ஏழாவது துணியை இடது இருக்கைக்காரியிடம்தான் கொடுப்பார்கள். ஹெல்மெட் கண்ணாடியை அவளே துடைத்துக்கொள்வாள். கடைசியில், கதவுக்காரி ஆறு துணியையும் எண்ணி முடித்துக் கதவுப் பக்கம் நகரும்போது, உள்ளேயிருந்து ஒரு கை நீளும். அதில் துணி இருக்கும். வாங்கிக்கொண்டே ஏழு என்பாள். தாளில் தலையைக் கவிழ்த்துக் குறித்துக்கொண்டிருக்கிற எதிரொலி ஏழு என்பார். நாற்பத்தோரு முறை.

"அன்னிக்கும் கை நீட்டினாங்கம்மா. நான் பிடிச்சேன். அவங்களும் பிடிச்சாங்க. கெட்டியா. ஒத்திகையில யாரும் கை கொடுத்துக்க மாட்டோம், எதுக்குக் கொடுக்கணும், எல்லாருமா மத்தியானம் ஒண்ணா சாப்பிடத்தானே போறோம். இது நெஜம். அது எனக்கு அப்பதான் உறைச்சுது. அவங்க கண்ணைப் பார்த்துக்கிட்டே ஏழுன்னு சொல்லிட்டேன்."

கை கொடுப்பதற்காக இடது இருக்கைக்காரி துணியைத் தொடைப் பக்கம் செருகியிருக்கிறாள். அந்தத் தடித்த உடுப்பில் அது இருப்பதே தெரியாது. அவளும் மறந்துவிட்டாள்.

(நான் எழுதிய தலைவலியையும் வீட்டுச் சண்டையையும் நினைத்துப் பார்த்தேன்.)

இப்போது கதவு மூடும் விதிமுறைகளில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்களாம். "எண்ணிக்கை முடியும் வரை பயணிகளுக்குக் கை கொடுக்கக் கூடாது." எண்ணிக்கை முடிந்த பிறகு கொடுக்கலாமா என்று எதிரொலி கூட்டத்தில் எழுந்து கேட்டார். அதிகாரி யோசித்துவிட்டு, பத்து வினாடி ஒதுக்குகிறேன் என்றார். அதையும் எழுதிவிட்டார்கள். அடுத்த பயணத்தில் கதவுக்காரிக்குக் கதவு வேலை இல்லை, வேறொருத்தி மூடுவாள். அதற்கடுத்ததில் மறுபடி இவள்தான். கண் நன்றாக இருக்கிறது என்கிற காகிதம்தான் பாக்கியாக இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்தாள்.

10

முடிவு.

அதற்கு என்னிடம் சில துண்டுகள் இருக்கின்றன. இடது இருக்கைக்காரி இன்னும் ஐந்து மாதம் மேலேதான் இருப்பாள். துணியும் அங்கேதான் இருக்கிறது, அவள் தூங்குகிற பையின் பக்கத்தில் சுவரில் செருகி வைத்திருக்கிறாள். வாரம் ஒரு முறை வீட்டாரோடு பேச அவர்களுக்கு நேரம் கொடுக்கிறார்கள். ஒரு வாரம் தன் வீட்டு நேரத்தில் கொஞ்சம் எடுத்துக் கதவுக்காரியிடம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டேன். கதவுக்காரி சொல்லவில்லை. அக்காவுக்கே சொல்லவில்லையாம். அக்கா அதை என்னிடம் புகாராகவே சொன்னாள்.

ஆகவே கதவுக்காரியும் இடது இருக்கைக்காரியும் மறுபடி சந்திக்கும்போது முதலில் என்ன பேசுவார்கள் என்று எழுதிப் பார்த்தேன்.

"உங்களால எனக்கு ஒரு கண்டனக் கடிதம்."
"உங்களால எனக்கு ஒன்பது நிமிஷம் கை மரத்துப்போச்சு."

பரவாயில்லை, ஆனால் மேடை நாடகம் மாதிரி.

"தூங்கினீங்களா அன்னிக்கு?"
"நீங்க?"

இது கொஞ்சம் நெருங்கி வருகிறது.

மருத்துவமனை வாசலில் ஆட்டோவுக்காக நின்றபோது கதவுக்காரி என்னைக் கேட்டாள், இதையெல்லாம் எழுதப் போகிறீர்களா என்று. ஆமாம் என்றேன். முடிவில் என்ன வரும் என்றாள். மூன்று பேரும் இறங்கி வருவது, நீங்கள் போய் வரவேற்பது, அந்த மாதிரி ஏதாவது என்றேன்.

அவள் முகம் மாறியது.

"அதை இப்ப எழுதாதீங்கம்மா. இன்னும் இறங்கலையே."

மன்றாடுகிற குரலும் இல்லை, பயந்த குரலும் இல்லை. வேலை இடத்தில் பேசுகிற குரல். எழுத மாட்டேன் என்றேன். அக்கா ஆட்டோக்காரரிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தாள், தெரு முழுக்கக் கேட்டது. அவர்கள் போய்விட்டார்கள்.

அதனால் இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. செய்தி உங்களுக்கும் வரும். பேப்பரில் வரும், டிவியில் வரும், யாராவது போகிற போக்கில் சொல்வார்கள். மூன்று பேரும் தரையில் கால் வைத்துவிட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு, கதவுக்காரியையும் இடது இருக்கைக்காரியையும் ஓர் அறையில் நிறுத்தி, நீங்களே ஆரம்பியுங்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாள். முதலில் பேசுவது யார் என்று எனக்குத் தெரியாது.